வேலந்தாங்கலில் இறங்காத கைகள்

எண்பத்தேழாம் வருஷம் ஆடி மாதத்தில் வேலந்தாங்கல் ஜனங்கள் தூக்கிய கைகள் இரண்டு வருஷத்துக்கும் மேலாக இறங்கவில்லை. உத்திரமேரூர் ஏரி நிரம்பியது, வற்றியது, நெல் விலை ஏறியது, விழுந்தது. கைகள் மட்டும் மேலேயே நின்றன.

அந்த ஊரில் மதகு திறப்பதானாலும் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுவதானாலும் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். தூக்கச் சொன்னவரே எண்ணி முடித்து, ‘இறங்கட்டும்’ என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் கையை இறக்கினவனுக்கு அந்தப் போகம் தண்ணீர் கிடையாது. அன்றைக்குக் கோயிலடியில் தலைவர் தாண்டவராயன், இலங்கையில் அல்லல்படும் நம் ஜனங்களைக் காக்க, அந்த நாட்டு அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு நம் பட்டாளம் போகிறது, ஆதரிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். ஊரே தூக்கியது. முதல் கை பாஞ்சாலியுடையது. அவள் மகன் முனியன் அந்தப் பட்டாளத்தில் இருந்தான். தலைவர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே காஞ்சிபுரத்து வெற்றி ஊர்வலத்துக்கு ஜீப் வந்துவிட்டது. மாலையோடு ஏறிப் போனார். சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்லவில்லை.

திரும்பி வந்தவரிடம் கேட்டபோது, “இன்னா அவசரம்? பட்டாளம் ஜெயிச்சுக்கினு வரட்டும். கை மேல கீறதும் ஊருக்கு அழகாத்தான் கீது” என்றார். ஜனங்களுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. பெண்கள் ரவிக்கையின் பக்கத்தைப் பிரித்துக் கொக்கி வைத்துக்கொண்டார்கள். ஒருவன் ஏர் பிடிக்க, இன்னொருவன் மாட்டை ஓட்டினான். மளிகைக்கடை கிதர் முகம்மதுவிடம், “பாய், மேல் பலகை சோப்பு எடுக்க உனுக்கு சௌகரியமாப் போச்சு” என்று கேலி பேசினார்கள்.

புரட்டாசிக் கடைசியில் பாய் கடை ரேடியோவில் வேறு சேதி வந்தது. காக்கப் போன பட்டாளம் அங்கே சண்டையில் இறங்கிவிட்டது. சாகிறவர்களும் நம் பாஷை பேசுகிறவர்கள். அப்புறம் ஊரின் பேச்சு மாறியதைப் பார்க்க வேண்டுமே, கண்ணுங்களா! ஆடியில் பட்டாளத்துக்குச் சூடம் கொளுத்தியவர்கள் ஐப்பசியில் அதே வாயால் காறித் துப்பினார்கள். தூக்கிய கை தலைக்கு மேலேயே இருக்கிறது என்ற கூச்சம் ஒருவருக்கும் இல்லை. குழாயடியில் கனகா, “உம்புள்ள யாரக் காப்பாத்தப் போனான், யாரச் சுட்டுக்கினு கீறான்?” என்றாள். “உங்கை எங்க கீதுன்னு மொதல்ல அண்ணாந்து பாருடி” என்றாள் பாஞ்சாலி. சொல்லிவிட்டாளே தவிர, குடத்தைத் தூக்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். மகன் உயிரோடு திரும்பினால் இரண்டு கையாலும் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்காகத் தலைவர் வாசலில் போய் நின்றாள், ஒவ்வொரு அமாவாசைக்கும் நின்றாள்.

“எறங்கட்டும்னு ஒரு வார்த்த சொல்லு தலைவரே.”

“அப்பிடிச் சொன்னா தூக்கச் சொன்னவன் நான்தான்னு ஆயிடும் பாஞ்சாலி. கட்சியில கேட்டா நான் இன்னாத்த சொல்றது?”

“நீ சொல்லலன்னா, நாங்கல்லாம் கை சுளுக்கியா நிக்கிறோம்?”

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அனுப்புகிறபோது மைக் வைத்துப் பேசிய வாய் அது.

எண்பத்தொன்பது கார்த்திகையில் முனியன் வந்து இறங்கினான். மேளம் இல்லை, மாலை இல்லை. தெருவின் இரண்டு பக்கமும் ஜனங்கள் கையை மேலே வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பி நின்றார்கள். அவன் நடு வழியிலேயே நின்றுவிட்டான். பாஞ்சாலி ஓடிவந்து ஒற்றைக் கையால் அணைத்தாள்.

“அங்கயும் இப்பிடித்தாம்மா நின்னாங்க. வூட்டுக்கு வூடு, ரெண்டு கையும் தூக்கிக்கினு. எங்களப் பாத்து.”

அந்த வாரமே தாண்டவராயன் கூட்டம் போட்டார். இந்த ஊர் ஒருநாளும் பட்டாளத்தை ஆதரித்ததில்லை, அதை ஒப்புக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். தூக்க என்ன இருக்கிறது? எல்லாக் கையும் ஏற்கெனவே மேலேதான் இருந்தது. அண்ணாந்து எண்ணினார், ஏகமனதாக நிறைவேறியது என்றார். பிறகு வாய்ப் பழக்கத்தில், “இறங்கட்டும்” என்று சொல்லிவிட்டார்.

கைகள் மளமளவென்று விழுந்தன. தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு. பாஞ்சாலியின் தோளிலும் பிடி தளர்ந்தது, விரல் காது வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் முனியன் தலை குனிந்து நின்றிருந்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் திரும்பவும் மேலே ஏற்றினாள்.

“எறக்கும்மா, அதான் சொல்ட்டாரே” என்றாள் கனகா.

“அவுரு சொன்னது பொய்க்கு. நான் தூக்கினது நெசமா. எம்புள்ளய அனுப்பின கை இது. அனுப்பலன்னு சொல்லி இத்த எறக்க மாட்டேன்.”

தலைவர் கூட்டம் முடிந்தது என்றார். அந்தக் கை அதற்கப்புறம் இறங்கவே இல்லை. செங்கல்பட்டு ரோட்டோரம் அவள் களை எடுக்கிறபோதெல்லாம், யாரோ கை காட்டுகிறார்கள் என்று பஸ்கள் நின்றன. டிரைவர்கள் முதலில் திட்டினார்கள். பிறகு பழகிப்போய், வேகத்தைக் குறைத்து, “வர்றியாம்மா?” என்று கேட்டார்கள். அவள் இல்லை என்று தலையாட்டினால் போய்க்கொண்டே இருந்தார்கள்.