கரைக்கு வரக்கூடாத மிதவை

மிதவை சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பருத்தித்துறைக் கடலில் விட்டதிலிருந்து சற்றைக்கொருதரம் தான் நிற்கும் இடத்தைச் வானத்திலுள்ள செய்மதிக்கு அனுப்பியது. என் கணினியில் கிழக்குப் பக்கமாகப் புள்ளி புள்ளியாக ஒரு கோடு வளர்ந்தது. மறுநாள் காலை அந்தக் கோடு திடீரென்று திரும்பிக் கரையை நோக்கி ஓடிவந்தது. இறங்குதுறையில் கொஞ்சம் நின்றது. பிறகு தார் றோட்டில் ஏறி, வாசிகசாலைச் சந்தியில் வளைந்து, எங்கள் ஒழுங்கைக்குள் நுழைந்தது.

கேற்றைத் திறந்தால் எங்கள் கரையில் மீன்பிடிக்கும் கதிரவேலு அண்ணை. சைக்கிள் கரியரில் என் மிதவை, கையில் ஒரு பாரை மீன், முகம் முழுக்கப் பெருமை.

“தங்கச்சி, உன்ரை சாமான் அறுந்துபோச்சுது போலை. நல்லகாலம், என்ரை கண்ணிலை பட்டுது.”

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஆனாலும் மீனோடு வந்த மனிசனை எப்படி ஏசுவது? எங்கள் கரையில் மிதக்கிற பொருளைக் கண்டால் யாரும் விட்டுவிட்டு வரமாட்டார்கள். அறுந்த வலை, எண்ணெய்க் கான், எதுவானாலும் உரியவரின் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார்கள். அந்த நல்ல குணம்தான் இப்போது என் ஆராய்ச்சியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றது.

மிதவை செய்மதியோடு பேச அன்ரனா வேண்டும்; சாதாரண அன்ரனாவின்மேல் உப்புத்தண்ணீர் படலமாகப் படிந்தாலே அது ஊமையாகிவிடும். பல்கலைக்கழகத்தில் என்னோடு வேலை செய்யும் ஏர்னெஸ்டும் நானும் செப்புப் பட்டியைக் குழாயில் சுருளாகச் சுற்றி, தண்ணீர் செம்பை நெருங்காதபடி தடித்த மூடி போட்டோம். அரியாலைக் கடல்நீரேரியில் முழங்கால் சேற்றில் நின்று பரீட்சித்தோம். ஒவ்வொரு அன்ரனாவும் செத்தபோது ஏர்னெஸ்ட் செபம் பண்ணினான், நான் திட்டினேன். எது பலித்ததோ தெரியாது, கடைசியில் அலை மூடி விலகிய மறுகணமே பேசுகிற அன்ரனா ஒன்று கிடைத்தது.

ஏனிந்தப் பாடு என்று கேட்பவர்களுக்கு, நீரோட்டத்தை அளக்க என்பேன். அது பாதி உண்மை. இரண்டு வருடங்களுக்கு முன், இதே பங்குனியில், என் தம்பி பார்த்தீபன் நடுக்கடலிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டான். எஞ்சின் நின்றுவிட்டது, படகில் தண்ணீர் ஏறுகிறது என்றான். காற்று மேற்கே வீசியதால் ஊரே திரண்டு மேற்கே தேடியது. பாதி மூழ்கிய படகைக் காற்றைவிட நீர்தான் இழுக்கும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. பௌதிகம் படிப்பிக்கிற எனக்கும்தான். அவன் கிடைக்கவில்லை. இனி ஒருவர் அப்படிப் போனால் எந்தப் பக்கம் தேடுவது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இரண்டாவது மிதவையில், ‘எடுக்க வேண்டாம்’ என்று சிவப்புப் பெயின்ரில் பெரிதாக எழுதினேன். அதுவும் சைக்கிளில் வந்தது.

“வாசிச்சனான் தங்கச்சி,” என்றார் கதிரவேலு அண்ணை. “அதுதான், கண்டவங்கள் எடுக்க முந்தி நான் எடுத்துக்கொண்டு வந்தனான்.”

இரண்டையும் அவர் கொக்கியால் இழுத்து ஏற்றியதில் உள்ளே தண்ணீர் போய்விட்டது. மிஞ்சியது ஒன்று. அதுவும் கரைக்கு வந்தால் இந்தப் பங்குனி போய்விடும், அதே நீரோட்டத்துக்கு இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும்.

கூட்டம் நடக்கும் நேரம் பார்த்துக் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்துக்குப் போனேன். கடைசி வாங்குப் பலகையில் அப்பாவும் இருந்தார். தம்பி போனபிறகும் அவர் தொழிலை விடவில்லை. தம்பியின் பேரைத்தான் விட்டுவிட்டார், வீட்டில் அதை உச்சரிப்பதில்லை. அவர் முன்னால்தான் சொன்னேன்.

“என்ரை மிதவையைக் கண்டால் தொடாதேங்கோ. விட்டிட்டு வாங்கோ.”

“கடலிலை கிடக்கிறதை விட்டிட்டு வாற வழக்கம் எங்களிட்டை இல்லைப் பிள்ளை,” என்றார் ஒருவர். சபை சலசலத்தது.

“தெரியும். பார்த்தீபனையும் நீங்கள் விடேல்லை. வேலைவெட்டியை விட்டிட்டுத் தேடினனீங்கள். ஆனால் பிழையான பக்கம். உது எங்கை போகுதெண்டு கடைசிவரை பாத்தால்தான் அடுத்தவனைச் சரியான பக்கம் தேடலாம்.”

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அன்றும் அடுத்த நாளும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மிதவையைக் கடலில் விட்டேன்.

கோடு கிழக்கே நகர்ந்தது. கதிரவேலு அண்ணை அதைக் கண்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாராம். போனில் சொல்லும்போதே குரலில் மனத்தாங்கல். கோடு இன்னும் கிழக்கே போனது. காற்று மட்டும் அந்த வருடம் போலவே மேற்கே வீசியது. நானும் ஏர்னெஸ்டும் திரையைப் பார்த்தபடி இருந்தோம். எனக்குச் சந்தோசப்படவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

நாலாம் நாள் அப்பா கடலிலிருந்து வந்து, உடுப்பு மாற்றாமல் நேராக என் மேசைக்கு வந்தார்.

“உன்ரை சாமானைக் கண்டனான். நல்லாத் தூரத்திலை.”

“எடுத்துக்கொண்டு வந்தனீங்களோ அப்பா?”

“எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுக் கிட்டப் போனனான். ஒருக்கால் கை வைச்சனான்.” அவர் அந்தக் கையை விரித்துப் பார்த்தார். “தனியாக் கிடந்து ஆடுது பிள்ளை. விட்டிட்டு வாறதுக்கு ஏலாமல் கிடந்தது. ஆனால் விட்டிட்டுத்தான் வந்தனான்.”

நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் உப்புக் காய்ந்த விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனார். அது முடியும் இடத்தில் விரல் நின்றது.

“பார்த்தீபனும் உந்தப் பக்கம்தான் போயிருப்பான், என்ன?”

இரண்டு வருடங்களுக்குப் பிறகு அந்தப் பேரை அவர் வாயால் கேட்டேன்.

“ஓம் அப்பா.”

அவர் தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார்.

“சோளகக் காத்து வீசுற காலத்திலை நீர் வேறை மாதிரி ஓடும். அதுக்கும் ஒண்டு செய். நானே கொண்டுபோய் விடுறன்.”