குப்பை என்று சொன்னவன்

மனிதர்களை லெய்ட்டன் குவின்ட்ரெல் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தான். பழைய கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் ஒரு வகை, எல்லாம் தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையிடம் வாங்குவான், இரண்டாம் வகையிடம் விற்பான். மதிப்பு என்று பார்த்தால் இரு வகைக்கும் அவனிடம் ஒரே மதிப்புதான். அது ஒன்றும் பெரிதாக இருந்ததில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறன்று, ஆஸ்திரேலியாவில் அடிலெய்டுக்கு வடக்கே எலிசபெத்தில் ஒரு சாரணர் கூடத்தில் அந்த இரண்டாம் வகை கூடும். எண்பதுகளில் வீட்டு டீவியோடு இணைத்து விளையாடிய கம்ப்யூட்டர்களை மடக்கு மேசைகளில் பரப்பி வைத்து, கேசட்டுக்குக் கீபோர்டு, கீபோர்டுக்கு ஜாய்ஸ்டிக் என்று மாற்றிக்கொள்வார்கள். வாசலில் ஒருவர் சாசேஜ் வாட்டிக்கொண்டிருப்பார். பல வருஷம் செத்துக் கிடந்த ஒரு மெஷினுக்கு உயிர் வந்து திரை நீலமாக எரிந்தால், எல்லாரும் போட்டது போட்டபடி ஓடிப்போய்ச் சுற்றி நிற்பார்கள். லெய்ட்டன் போகமாட்டான். பிரிக்காத அட்டைப்பெட்டிகள் அடுக்கிய தன் மேசைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "பொழுது போகாத கிழங்க" என்று முனகுவான். அறுபதைத் தாண்டிய தன் வயது அவன் நினைவுக்கு வராது.

அந்தக் கூட்டத்திலேயே அவன் இளக்காரம் முழுவதும் மெர்வின் ஹைன்ரிச் மேல்தான். முர்ரே பிரிட்ஜ் என்ற தூரத்து ஊர்க்காரர், ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். யாருக்கு எந்த உதிரிபாகம் வேண்டுமென்றாலும் தன் கொட்டகையிலிருந்து எடுத்துவந்து கொடுப்பார். பதிலுக்கு ஒரு கேசட்டோ, வீட்டில் போட்ட ஒரு பாட்டில் பீட்ரூட் ஊறுகாயோ போதும் அவருக்கு.

"இந்த ஆளு மாதிரி இன்னும் நாலு பேர் இருந்தா வியாபாரம் உருப்பட்டுடும்" என்பான் லெய்ட்டன், அவர் காதுபடவே. மெர்வினும் சேர்ந்து சிரிப்பார்.

ஆனால் அந்த மெர்வினிடம்தான் வாட்டில்-2 இருந்தது.

வாட்டில், எலிசபெத்திலேயே ஒரு சின்னத் தொழிற்சாலை செய்து விற்ற கம்ப்யூட்டர். அந்த நாட்டு வாட்டில் மரத்துப் பூவின் மஞ்சளில் கீபோர்டு. முதல் மாடல் பள்ளிக்கூடங்களுக்குப் போய் நன்றாகவே உழைத்தது. இரண்டாவது மாடல் கடைக்கு வருமுன்னே கம்பெனியை மூடிவிட்டார்கள். சோதனைக்காகச் செய்த கொஞ்சம்தான் வெளியே வந்தன. அதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது மெர்வினுடையது மட்டும். அதற்காகத் தன் மேசையில் இருந்த எல்லாவற்றையும் தருவதாக லெய்ட்டன் ஒருமுறை சொன்னான்.

"அது இருக்கட்டும் லெய்ட்டன். எப்ப வேணா வீட்டுக்கு வா, விளையாடிட்டுப் போ" என்றார் மெர்வின்.

விளையாடுவதாம். லெய்ட்டனுக்கு வாயெல்லாம் கசந்தது.

ஜனவரியில், நடுக்கோடையில், மெர்வின் தூக்கத்திலேயே இறந்துபோனார். அடக்கம் முடிந்து எல்லாரும் அவர் வீட்டில் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி ஏதேதோ நினைவு கூர்ந்துகொண்டிருந்தபோது, லெய்ட்டன் கழிவறை எங்கே என்று கேட்டுவிட்டு, நேராகப் பின்பக்கம் போய்க் கொட்டகை ஜன்னலில் நெற்றியை ஒட்டிப் பார்த்தான். அலமாரியின் நடுத்தட்டில் மஞ்சளாகத் தெரிந்தது. திரும்பி வந்து இன்னொரு சாண்ட்விச் எடுத்துக்கொண்டான்.

ஒரு வாரம் விட்டு, மெர்வினின் மனைவி பெவ்வுக்குப் போன் போட்டான்.

"பெவ், நான் லெய்ட்டன். க்ளப்ல இருந்து."

"சொல்லுங்க லெய்ட்டன். அன்னைக்கு வந்ததுக்கு ரொம்ப நன்றி."

"கொட்டகையில இருக்கிறதை என்ன பண்றதுன்னு யோசிச்சீங்களா?"

"அதான் ஒண்ணும் புரியல. அவர் பொத்திப் பொத்தி வெச்சிருந்தாரு. ஸ்டாவ்ரோஸைக் கூப்பிட்டுக் கேக்கலாம்னு இருந்தேன்."

ஸ்டாவ்ரோஸ் அந்தக் குழுவின் தலைவர். மீன் வறுவல் கடை வைத்திருப்பவர். அவர் காதுக்குப் போனால் கூட்டம் மொத்தமும் வந்து நிற்கும்.

"அவரை ஏன் தொந்தரவு பண்ணணும், கடையை விட்டுட்டு வரணும் பாவம்" என்றான் லெய்ட்டன். "மனசு கஷ்டப்படாதீங்க பெவ். உங்ககிட்ட மறைக்க விரும்பல. அது எல்லாம் குப்பை."

"எல்லாமேவா?"

"எல்லாமே. உள்ள கப்பாசிட்டர் ஒழுகி போர்டெல்லாம் அரிச்சுப் போயிருக்கும். கரண்ட் வேற அடிக்கும். சும்மா குடுத்தாலும் ஒருத்தனும் வாங்கமாட்டான்."

"அந்த மஞ்சக் கீபோர்டுமா? அதை எப்பப் பாத்தாலும் துடைச்சுட்டே இருப்பாரே."

"இருக்கறதிலேயே அதுதான் மோசம்."

"அப்ப நான் என்ன பண்றது?" என்றார் பெவ்.

"சனிக்கிழமை ட்ரெய்லர் கொண்டாறேன்" என்றான். "நானே ஏத்திட்டுப் போய் ஒழிச்சுக் கட்டிடறேன். உங்களுக்கு ஒரு வேலையும் வேண்டாம்."

"நீங்க ரொம்ப நல்லவர், லெய்ட்டன்" என்றார் பெவ். குரல் கம்மியிருந்தது. அழுகிறாரோ என்று லெய்ட்டனுக்கு ஒரு கணம் தோன்றியது. இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்பதுதான் அதற்கு அடுத்து தோன்றியது.

சனிக்கிழமை வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. குப்பை அள்ளப் போகிறவன் ட்ரெய்லரில் நான்கு கம்பளி விரித்து, அதன்மேல் தார்ப்பாய் போட்டு மறைத்துக்கொண்டு போனான். பெவ் வீட்டுப் பின்பக்கம் கொட்டகைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே புல் வெட்டும் மெஷின் ஒன்று. மற்றபடி கழுவித் துடைத்த சிமெண்டுத் தரை.

"உங்களை இந்த வெயில்ல அலைய வைக்க மனசு வரல" என்று பெவ் எலுமிச்சை ஜூஸோடு வந்தார். "பக்கத்து வீட்டுல சமையலறையை இடிச்சுக் கட்டறாங்க. அவங்க வெச்சிருந்த பெரிய இரும்புத் தொட்டியில போட்டுக்கச் சொன்னாங்க. லாரி வியாழக்கிழமையே தூக்கிட்டுப் போயிடுச்சு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். கரண்ட் அடிக்கும்னு சொன்னீங்கல்ல. கொழந்தைங்க யாராவது எடுத்து வெளையாடிடக் கூடாதேன்னு ஒயரையெல்லாம் வெட்டி, ஒவ்வொண்ணா சுத்தியலால ஒடச்சுத்தான் போட்டேன். கையெல்லாம் கொப்புளம்."

அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். லெய்ட்டன் ஜூஸைக் குடிக்காமலே கீழே வைத்தான்.

"ஒண்ணு கேக்கட்டுமா" என்றார் பெவ், வெறும் கொட்டகையைப் பார்த்தபடி. "அது குப்பைனு அவருக்குத் தெரியாதா? இல்ல, தெரிஞ்சேதான் இத்தனை வருஷம் என்கிட்ட அப்படிப் பெருமை பேசினாரா?"

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் வாய் தடுமாறியிருக்கும். தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டிருந்தால், அந்தப் பெண்ணுக்குத் தன் புருஷனாவது திரும்பக் கிடைத்திருப்பார். லெய்ட்டன் யோசித்தது தன்னைப் பற்றி மட்டும்தான்.

"தெரிஞ்சிருக்காது" என்றான். "வயசானா சில பேருக்கு அப்படித்தான்."

அங்கிருந்து நேரே குப்பைக் கிடங்குக்கு வண்டியை விட்டான். வாசலில் இருந்த பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வியாழக்கிழமை வந்ததா? அன்னைக்கே நசுக்கி அனுப்பியாச்சு. எதையாவது தெரியாமப் போட்டுட்டீங்களா?" என்றாள். இல்லை என்றான். போட்டது அவன் இல்லையே.

மார்ச் மாதக் கூட்டத்துக்குப் பெவ் வந்தார். கணவரின் நண்பர்களுக்கென்று ஒரு தட்டு நிறையப் பழக் கேக் சுட்டுக் கொண்டுவந்திருந்தார். ஸ்டாவ்ரோஸ் அவருக்கு நாற்காலி போட்டு, மெர்வினைப் பற்றி நாலு வார்த்தை பேசி, பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க பெவ். மெர்வோட வாட்டில்-2 பத்தி மியூசியத்துல கேட்டுட்டே இருக்காங்க. கண்ணாடிப் பெட்டியில வெச்சு அவர் பேரையும் எழுதி வைக்கறாங்களாம். நீங்க குடுக்கணும்னு இல்ல. கொஞ்ச நாளைக்கு இரவலாத் தந்தாலும் போதும்."

"மியூசியமா?" என்றார் பெவ். "மஞ்சக் கீபோர்டா? லெய்ட்டன் அது குப்பைனு சொன்னாரே. ஒடச்சுத் தூக்கிப் போட்டுட்டேனே."

எல்லாரும் லெய்ட்டனின் மேசைப் பக்கம் திரும்பினார்கள். ஏதோ ஒரு மேசையில் ஒரு விளையாட்டு மட்டும் பீப் பீப் என்று தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"நீயா சொன்னே, லெய்ட்டன்?" என்றார் ஸ்டாவ்ரோஸ்.

"பாதுகாப்புக்குச் சொன்னேன். பழைய பவர் சப்ளை, தீப்பிடிச்சுருச்சுன்னா யாரு பொறுப்பு?"

"திறந்து பாத்தியா?"

"பாக்கணும்னு அவசியம் இல்ல."

"எனக்காக ட்ரெய்லர்கூடக் கொண்டு வந்தாரு" என்றார் பெவ், இன்னும் விஷயம் முழுக்கப் பிடிபடாமல்.

"கொண்டு வருவான்" என்ற ஸ்டாவ்ரோஸ் லெய்ட்டன் பக்கம் திரும்பினார். "உன் வீட்டுக் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வைக்கவே அண்டை வீட்டுக்காரன் வரணும். அடுத்தவங்க குப்பைக்கு முர்ரே பிரிட்ஜ் வரைக்கும் போனியா நீ?"

யாரோ சிரித்தார்கள். சந்தோஷமான சிரிப்பில்லை அது. பெவ்வுக்கு இப்போது புரிந்துவிட்டது. மெதுவாக எழுந்து லெய்ட்டனின் மேசை முன்னால் வந்து நின்றார்.

"மெஷின் போனது போகட்டும்" என்றார். "அது எனக்கு என்னைக்கும் புரிஞ்சதில்ல. ஆனா இத்தனை வாரமா அவரை முட்டாள்னு நெனச்சுட்டிருந்தேன். கல்லறையில போய் நின்னு, இதுக்காகவா என் ஞாயித்துக்கிழமையெல்லாம் தின்னீங்கன்னு திட்டிட்டு வந்தேன். என்னை அப்படிப் பேச வெச்சுட்டீங்க."

மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல இடம் ஒரு மனிதனுக்குக் கிடைக்காது. லெய்ட்டன் தொண்டையைக் கனைத்தான்.

"நீங்களும் அவசரப்பட்டிருக்க வேண்டாம், பெவ். சனிக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கலாம்."

அன்று ட்ரெய்லரோடு அவன் எதற்காகப் போனான் என்பதில் யாருக்காவது கொஞ்சநஞ்சம் சந்தேகம் இருந்திருந்தால், அதையும் அவனே தீர்த்துவைத்தான். செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல் பெவ் அவனைப் பார்த்தார். பிறகு கேக் தட்டை எடுத்து மேசை மேசையாக நீட்டிக்கொண்டு போனார், அவன் மேசையை மட்டும் விட்டுவிட்டு. ஸ்டாவ்ரோஸ் தன் பழைய முதல் மாடல் வாட்டிலின் முன்னால் அவரை உட்காரவைத்து, "இதுல பாதி மெர்வ் போட்ட பாகம்தான். விளையாடிப் பாருங்க" என்றார். பெவ் தயங்கித் தயங்கிக் கீபோர்டைத் தட்டினார். தட்டிய வேகத்தில் தோற்று, "இன்னொரு தடவை" என்றார். எல்லாரும் அவரைச் சுற்றி நின்றார்கள்.

லெய்ட்டன் தன் பெட்டிகளைத் தானே சுமந்து காரில் ஏற்றினான். கதவைப் பிடித்துக்கொள்ளக்கூட ஒருவரும் வரவில்லை. அதற்குப் பிறகு அவன் அந்தக் கூடத்துக்குப் போகவில்லை. போனாலும் அவனோடு ஒரு கேசட் மாற்றிக்கொள்ள ஆளில்லை. இணையத்தில், முகம் தெரியாதவர்களுக்கு விற்கிறான். வாங்க வருகிறவன் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் போதும், முர்ரே பிரிட்ஜில் ஒரு கிழவி உலகத்திலேயே ஓடிக்கொண்டிருந்த ஒரே வாட்டில்-2-ஐச் சுத்தியலால் உடைத்த கதையை எடுத்துவிடுவான். "இந்த மாதிரி ஜனங்க கையில எதைக் குடுத்தா என்ன" என்று முடிப்பான். குப்பை என்று சொன்னது யார் என்பது அந்தக் கதையில் வராது. சொல்லிச் சொல்லி, அது அவனுக்கே மறந்துபோய்விட்டது.