வறுத்த பயறு

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் பக்கத்து வீட்டு மரிசெல் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பிலிப்பைன்ஸ்காரி. தன் ஊர் இனிப்புச் சோறான ‘பிக்கோ’ என்றால் தொண்டையில் இறங்கும் என்றாள். நிரோஜினி பாரிஸின் லா சப்பல் தமிழ்க்கடைத் தெருவில் ஒட்டரிசியும் தேங்காய்ப்பாலும் வாங்கிவந்து, அவள் சொன்ன முறைப்படியே கிண்டினாள். அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"இதென்னப்பா, புக்கைக்குப் போடுற பயறெல்லே கிடக்குது?" என்று சட்டியை எட்டிப்பார்த்த கணவன் துஷ்யந்தன் சிரித்தான்.

நிரோஜினிக்குத் திக்கென்றது. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையாருக்குச் சர்க்கரைப் புக்கை பொங்கும் பழக்கத்தில் கை தன்பாட்டில் வறுத்த பயறை அள்ளிப் போட்டிருந்தது.

"ஐயோ, திரும்பக் கிண்ட அரிசியும் இல்லையே! அவ இதையும் சாப்பிடாட்டி?"

"பிள்ளையாரைக் கும்பிட்டிட்டுக் கொண்டுபோய்க் குடும். மிச்சத்தை அவர் பாப்பார்."

கிண்ணத்தை நீட்டியபடியே நிரோஜினி பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டாள். மரிசெல் ஒரு வாய் வைத்துப் பார்த்தாள்.

"இது பிக்கோ இல்லை," என்றாள். உடனே இன்னொரு வாய். "எங்கள் ஊரில் பயறு வறுத்துப் போட்டும் ஒன்று செய்வோம். அம்மா மழை நாளில் தருவாள். எனக்கே மறந்துபோயிற்று."

கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். அன்போடு அள்ளிய கை தவறினாலும் ஆண்டவன் அதை நல்ல இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறான்.

நிரோஜினி சட்டியை எடுக்க வீட்டுக்கு ஓடினாள். துஷ்யந்தன் கரண்டியும் கையுமாக நின்றான்.

"வையுங்கோ கீழை! அது அவவுக்கு."