எங்கும் போகாத கம்பி

காலை ஒன்பது பத்து. கிளெண்டாவின் குளியலறையில் மண்டியிட்டு, தொட்டியின் பக்கப் பலகையைக் கழற்றினேன். பழைய இரும்புத் தொட்டியைப் பெயர்த்துவிட்டு ஷவர் வைக்கப் போகிறார்கள். நாளை குழாய்க்காரர் வருமுன் அடியில் உள்ள பச்சை மஞ்சள் கம்பியை எலக்ட்ரீஷியனான நான் எடுத்துவிட வேண்டும்.

கிளெண்டா தேநீர்க் கோப்பையோடு கதவில் சாய்ந்து நின்றாள்.

"பாத்து, கண்ணு. என் புருஷன் டெரெக் போட்டது. என்னை விட்டுட்டு ஓடினவன் ஒழுங்காச் செஞ்ச ஒரே வேலை. கரண்டை நேரா மண்ணுக்குள்ள இறக்கிடும்."

எழுபத்தொன்பதாம் வருடம் அவள் தங்கை குளிக்கும்போது குழாயைத் தொட்டு ஷாக்கில் இறந்தாள். டெரெக் கம்பி போட்ட பிறகுதான் கிளெண்டா மறுபடி தொட்டியில் இறங்கினாள். நான் பையைக் கீழே வைக்குமுன்பே இதைச் சொல்லியிருந்தாள்.

டார்ச் அடித்தேன். கம்பி வெந்நீர்க் குழாயிலிருந்து குளிர்நீர்க் குழாய்க்குப் போனது. அங்கிருந்து தொட்டியின் கால், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர். பிறகு சுவர் ஹீட்டரின் உலோகக் கூடு. அவ்வளவுதான்.

அவள் குனிந்து பார்த்தாள்.

"மண்ணுக்குள்ள எங்க இறங்குது?"

"இறங்கல."

"இதுலயும் ஏமாத்திட்டானா, கழிசடை!"

"இல்லங்க, சரியாத்தான் போட்டிருக்காரு. எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டியிருக்காரு. கரண்டு ஏறினா குழாய், தொட்டி, தண்ணி எல்லாம் சேந்து ஏறும். நடுவுல இருக்கிற நீங்களும்தான். வித்தியாசம் இருந்தாத்தான் ஷாக்கு."

"கரண்டு ஏறினது எனக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன ஆண்டு விதி மாறியது. எல்லா லைனுக்கும் மின்கசிவைக் கண்டு அணைக்கும் ஸ்விட்ச் இருந்து, குழாய்கள் வீட்டின் எர்த்தோடு நன்றாக இணைந்திருந்தால் இந்தக் கம்பி வேண்டாம். ஸ்விட்சைப் போன வாரம் நானே மாட்டினேன். கம்பியின் முனைகளைக் கழற்றி ஒவ்வொரு குழாயையும் அளந்தேன். இணைப்பு நன்றாக இருந்தது. பிறகு ஸ்விட்சைச் சோதிக்கும் கருவியை வைத்துப் பொத்தானை அழுத்தினேன். ஸ்விட்ச் அணைந்து கீழே வானொலி நின்றது; கருவியில் ஓர் எண் வந்தது.

"என்ன நம்பர் அது?"

"பதினெட்டு. ஒரு செகண்டை ஆயிரமா வெட்டி, அதுல பதினெட்டுத் துண்டு. உங்க இதயம் ஒரு தடவை அடிக்கிறதுக்குள்ள நாப்பது தடவை அணைஞ்சிரும்."

அவள் மார்பில் கை வைத்தாள். உதடு அசைய எண்ணினாள். இருபது வருடமாக அந்த எண்ணைத் தாளில் எழுதி வந்தவன் நான். என் கையும் மார்புக்குப் போயிருந்தது.

"சரி. எடுத்துடு."

கம்பியை வெட்டக் குறடை எடுத்தேன்.

"உன் வீட்ல இந்தக் கம்பியை எடுத்துட்டியா, கண்ணு?"