அற்புதமலர் பெயரில் ஒரு சீனி வருத்தம்

அற்புதமலருக்குச் சீனி வருத்தம் என்று மூன்று மாதமாக டொக்டரின் கம்பியூட்டர் சொல்லிக்கொண்டிருந்தது. பச்சைப் பொய். சோதித்த இரத்தம் கீழ்வீட்டுச் செவ்தாவுடையது.

செவ்தா றோமா என்ற ஜிப்சி இனத்துக்காரி. இத்தாலியில், இந்தப் பலேர்மோவிலேயே பிறந்தவள்தான், ஆனால் தாய்தகப்பன் கொசோவோவிலிருந்து ஓடிவந்தவர்கள், கையில் ஒரு கடதாசியும் இல்லை. கடதாசி இல்லாதவளுக்குக் குடும்ப டொக்டரும் இல்லை. தாய் நாற்பத்தெட்டு வயதில் செத்தாள், தமையனுக்கு முழங்காலோடு கால் போனது, எல்லாம் சீனியால். தான் வளர்ந்த றோமா முகாமில் யாரும் ஐம்பதாவது பிறந்தநாள் கொண்டாடியதில்லை என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். சுகாதார அட்டையில் படமா இருக்கிறது, இரத்தம் சோதிக்கக் கொண்டு போ என்று மலர் தன்னுடையதைக் கொடுத்துவிட்டாள். பெரிய கொடைவள்ளல் என்ற நினைப்பு.

வந்த றிப்போட்டை மலர் தன் டொக்டரிடம் காட்டினாள். மாதம் ஒரு பெட்டி குளிசை கிடைத்தது. செவ்தா தேறிவந்தாள்.

இன்று டொக்டர் கூப்பிட்டு, "விரலை நீட்டுங்கோ, இஞ்சையே குத்திப் பாப்பம்" என்றாள்.

மலர் விரலை மடக்கிக்கொண்டாள். சீனி இல்லையென்று தெரிந்தால் அட்டை இரவல் போன கதை வெளியே வரும். பெர்மெஸ்ஸோவை, அதுதான் வதிவிட அனுமதியை, புதுப்பிக்கக் கொடுத்திருக்கும் நேரம் வேறு. செவ்தாவின் குளிசையும் அன்றோடு நிற்கும். ஓடவும் வழியில்லை, உண்மையைச் சொல்லவும் வழியில்லை. விரலைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருநூற்றி எண்பத்தாறு. குளிசை ஒழுங்காப் போடுறேல்லைப் போல."

தப்பிவிட்டேன் என்று மூச்சு விட்ட பிறகுதான் அது யாருடைய இரத்தம் என்பது உறைத்தது. வேலைக்களைப்பு என்று தள்ளிவிட்ட தாகம், குதிக்காலில் ஆறாத வெடிப்பு, எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"ரெண்டு பெட்டி எழுதித் தருவீங்களோ?"

"முதல் ஒண்டை ஒழுங்காப் போடுங்கோ. பிறகு பாப்பம்."

வீட்டுக்குப் போகும் பிரான்காச்சோ பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பாதி பாதியாகப் போட்டால் இருவருக்கும் காணாது. முழுதாய்ப் போட்டால் ஒருத்திக்கு மட்டும்தான். பயமும் வெட்கமும் சேர்ந்து அவளுக்கு அழுகை வந்தது.

செவ்தா படியடியில் காத்துநின்றாள். "கண்டுபிடிச்சிட்டினமோ?"

"இல்லை."

செவ்தா அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டாள். பிறகு பெட்டிக்குக் கை நீட்டினாள். மலரும் நீட்டினாள்தான், ஆனால் விரல்கள் விடவில்லை. விளையாட்டாக்கும் என்று செவ்தா சிரித்தபடி இழுத்தாள். இரண்டாந்தரம் இழுத்தபோது அவள் சிரிக்கவில்லை.