சுகமில்லாத அறிவிப்பாளர்

உதயரூபன் வாய் கூசாமல் பொய் சொன்னார். அதுவும் எப்படி? காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு, தேத்தண்ணியை ஆறுதலாக உறிஞ்சிக்கொண்டு.

"எழுபத்தெட்டுச் சூறாவளியண்டைக்கு வானொலி நிலையத்தில கடைசி வரைக்கும் நிண்டது நான் ஒரு ஆள்தான் பிள்ள. கரண்ட் இஞ்சின் பாக்கிறதுக்குச் சீனித்தம்பி எண்டு ஒருத்தன் இருந்தான். காத்து இரையத் தொடங்கினதும் ஆள் ஒரே ஓட்டம். பிறந்தநாள் வாழ்த்தும் நான்தான் வாசிச்சன், புயல் எச்சரிக்கையும் நான்தான் வாசிச்சன்."

வதனி தன் போனை அவர் பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். "சரியாப் பதியல்ல போல. இன்னொருக்காச் சொல்லுங்க சேர்."

பதியாமல் என்ன, நல்லாத்தான் பதிந்திருந்தது. அந்தப் பொய்யை அவர் வாயாலேயே இரண்டாம் தரமும் சொல்ல வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மனுசனும் சளைக்காமல் இன்னும் கொஞ்சம் உப்புப் புளி சேர்த்துச் சொன்னார். சீனித்தம்பி செருப்பையும் விட்டுவிட்டு ஓடினானாம்!

அந்தச் சீனித்தம்பி அவளுடைய அப்பா. அது உதயரூபனுக்குத் தெரியாது. வதனி பிரதேச நூலகத்தில் நூலகர். கல்யாணம் முடித்த நாளிலிருந்து புருசனின் பேரைச் சேர்த்துத்தான் கையெழுத்து. மட்டக்களப்பில் அந்தக் காலத்தில் இயங்கிய சின்னச் சின்ன மத்திய அலை வானொலி நிலையங்களின் வரலாற்றை அவள் மூன்று வருசமாகத் தேடி எழுதுகிறாள் என்று கேள்விப்பட்டு, உதயரூபனுக்குப் பாராட்டு விழா எடுக்கும் குழுவினர், விழா மலருக்கு ஒரு கட்டுரை தாருங்கள் என்று அவர்களாகவே வந்து கேட்டார்கள். தானாக வந்து வலையில் விழுந்த மீனை யார்தான் விடுவார்கள்?

சூறாவளிக்குப் பிறகு நடந்த விசாரணையில் உதயரூபனின் பேச்சுத்தான் எடுபட்டது. அவர் அறிவிப்பாளர், குரலுக்கே ஊர் மயங்கும். அப்பாவோ மைக்கைத் தொடவே அனுமதி இல்லாத இஞ்சின்காரர். "நான்தான் வாசிச்சன்" என்று அவர் சொன்னதற்குச் சிரித்தார்களாம். கேட்ட சனத்தை ஒருத்தரும் விசாரிக்கவில்லை, புயல் இரைச்சலுக்குள் வந்தது யார் குரலென்று ஊருக்கும் நிச்சயமில்லை. கோபுரம் விழுந்து, நிலையத்துப் பதிவுக் கொப்பியெல்லாம் வெள்ளத்தோடு போய்விட்டது. வேலையும் போனது. அதற்குப் பிறகு சொந்த ஊர் தேற்றாத்தீவில் அவருக்கு ஒரே பேர், ஓடின சீனித்தம்பி. பள்ளிக்கூடத்தில் வதனிக்கு, ஓடினவன்ட மகள். அப்பா இருமி இருமி, அந்தப் பேரோடேயே செத்தார். செத்த வீட்டிலும் ஒரு கிழவன் அதைச் சொல்லிச் சிரித்ததை வதனி தன் காதால் கேட்டாள். வரலாறாம் வரலாறு! அவள் நிலையங்களைத் தேடப் புறப்பட்டதெல்லாம் அந்த ஒரு சிரிப்புக்காகத்தான்.

ஆனால் காற்றில் போன குரலை எங்கே போய்த் தேடுவது? மூன்று வருசமும் அதே யோசனை. பிறகு ஒருநாள் பழைய ஆட்களோடு கதைத்துக்கொண்டிருந்தபோது பளிச்சென்று பட்டது. அந்தக் காலத்தில் பிறந்தநாள் வாழ்த்தில் தங்கள் பிள்ளையின் பேர் வரும் என்றால், டேப் றெக்கோடர் இருந்த வீட்டுக்காரர் அந்த நிகழ்ச்சியைக் கெசட்டில் பிடித்து வைக்காமல் விடமாட்டார்கள். சூறாவளி அடித்தது நவம்பர் இருபத்திமூன்று. அப்படியென்றால் நவம்பர் இருபத்திமூன்றில் பிறந்தவர்களைப் பிடித்தால் போதாதா? நூலகத்து அங்கத்தவர் அட்டைகளைப் புரட்டினாள், கோயிலிலும் பள்ளிவாசலிலும் சொல்லி வைத்தாள், பதினொரு வீட்டுப் படி ஏறி இறங்கினாள். பன்னிரண்டாவது வீடு காத்தான்குடியில், தையல்காரி நபீஸாவின் வீடு.

"வாப்பா முத்தலிப் குவைத்தில இருந்து கொண்டு வந்த றெக்கோடர் அக்கா. என்ட முதலாவது பிறந்தநாள். சூறாவளியில உம்மா என்னையும் இந்தக் கெசட்டையும்தான் தூக்கிக்கிட்டு ஓடினவ" என்று சொல்லி நபீஸா ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தாள்.

கெசட் சுற்றியது. முதலில் இரைச்சல். பிறகு ஓர் இருமல். அந்த இருமலிலேயே வதனிக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

"வணக்கம். அறிவிப்பாளர் உதயரூபன் தம்பிக்குச் சுகமில்லை, வீட்ட போயிட்டார். நான் இஞ்சின் பாக்கிற சீனித்தம்பி. பிழை விட்டாப் பொறுத்துக்கொள்ளுங்க."

ஐயோ அப்பா! ஓடிப்போனவனுக்குச் சுகமில்லையாம். வதனி அழுதாள், பிறகு அப்பாவின் மேலேயே கோபம் கோபமாக வந்தது. இப்படியும் ஒரு மனுசன் இருப்பானா? அந்தக் கோபமும் சேர்ந்து உதயரூபனின் கணக்கில்தான் ஏறியது. அவர் தேத்தண்ணி உறிஞ்சி அளந்துகொண்டிருந்த நேரம், அந்தக் கெசட் அவளுடைய ஹேண்ட்பேக்குக்குள் கிடந்தது.

விழா களுதாவளையில், காலை பத்து மணிக்கு. மண்டபம் நிறைந்த சனம். பெரியகல்லாற்றிலிருந்து ஒரு பஸ் ஆட்கள் வந்திருந்தார்கள். உதயரூபனுக்குப் பொன்னாடை போர்த்தி 'வானொலிச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தார்கள். அவரும் செருப்புக் கதையைக் கைதட்டலோடு சொல்லி முடித்துவிட்டுப் போய்க் கதிரையில் சாய்ந்தார். அடுத்து வரலாற்று உரை, வதனி.

"எனக்குப் பேசத் தெரியாது. அண்டைய ஒலிபரப்பையே போடுறன்" என்றாள்.

இருமல் மண்டபமெங்கும் கேட்டது. சுகமில்லாத தம்பி, இஞ்சின் பார்க்கும் சீனித்தம்பி, எல்லாம் வந்தது. "காத்தான்குடி நபீஸாவுக்கு முதலாவது பிறந்தநாள் வாழ்த்து" என்று வந்தபோது இரண்டாம் வரிசையில் நபீஸா எழுந்து நின்றாள். பிறகு, "தேத்தாத்தீவு, களுதாவளை, பெரியகல்லாறு ஆக்கள் தோணி வலையைப் பாக்காதீங்க. பிள்ளையளத் தூக்கிக்கிட்டுக் கல்வீட்டுக்கு ஓடுங்க. நான் இஞ்சின நிப்பாட்ட மாட்டன், கேட்டுக்கொண்டே இருங்க."

"இந்தக் குரலைக் கேட்டுத்தான் நாங்க பள்ளிக்கூடத்துக்கு ஓடின!" என்று பெரியகல்லாற்று மனுசி ஒருத்தி கத்தினாள். குழுத் தலைவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உதயரூபனின் முகத்தில் ஈயாடவில்லை. பொன்னாடை மடியில் சரிந்து கிடந்தது. "பிள்ள, நீ ஆரு?" என்றார் மெதுவாக.

"ஓடின சீனித்தம்பிட மகள்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். வதனிக்கு அந்தக் கும்பிடு தேவையில்லை. நாற்பத்தேழு வருசம் பிந்திய கும்பிடு யாருக்கு வேணும்? மைக்கைக் கழற்றிக்கொண்டு போய் அவருடைய கும்பிட்ட கைக்குள் வைத்தாள்.

"உங்களுக்குச் சுகமில்லையெண்டு அப்பா ஊருக்கே சொல்லியிருக்கார். அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார்தானே. அண்டைக்கு உங்களுக்கு என்ன வருத்தம் சேர், காய்ச்சலா? இந்தச் சனத்துக்குச் சொல்லுங்க."

ஊர் மயங்கிய குரல்காரர் வாயைத் திறந்தார். மூச்சுத்தான் வந்தது, அது ஒலிபெருக்கிப் பெட்டிகளில் பெரிதாகக் கேட்டது. சனம் காத்திருந்தது. தலைவர் எழுந்து வந்து, போதும் பிள்ள, மைக்கை வாங்குங்க என்று கெஞ்சினார்.

வதனி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாங்கவில்லை.