எலிகளுக்குத் தண்ணீர்

வந்தவர்கள் நீட்டிய மாலைகளை வாங்கி, கணவரைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் மேல் அவள் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் கட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் பைக்குள், பெல்ட்டுக்கும் சாவிக்கொத்துக்கும் நடுவே கிடந்து அடித்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒருமுறை பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள், அவரே எழுந்து எடுத்துவிடுவார் என்பதுபோல. அவள் பையைக் கவிழ்த்துப் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

"அண்ணே, மூணாவது கூண்டுக்காரி பெத்துட்டாளா? ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்களேன்" என்றது ஒரு பெண்குரல். பின்னால் ஏதோ கூட்டத்தின் இரைச்சல்.

"நான் அவர் வீட்டுக்காரி பேசுறேம்மா. அவர் நேத்துக் காலையில தவறிட்டார்."

இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு எங்கோ ஒரு கதவைச் சாத்தும் ஓசை. அதற்கப்புறம் அழுகை. யாரென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கல்லூரியில் சுண்டெலிகளின் காதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண். மாநாட்டுக்காக வெளியூர் போயிருக்கிறாள் என்று அவர் சொல்லியிருந்தார். அந்தக் கல்லூரியின் எலி அறையைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. நேற்றும் வழக்கம்போல அங்கே கிளம்பியவர்தான். வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவர், ஒரு காலில் மாட்டிவிட்டு மறுகாலுக்குப் போகாமல் அப்படியே சரிந்தார்.

அந்தப் பெண் அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அவள் கேட்டாள்.

"அப்ப நேத்திலேருந்து எலிங்களுக்குத் தண்ணி?"

"நீங்க அதையெல்லாம் நினைக்காதீங்கக்கா. நான் எப்படியாவது ராத்திரிக்குள்ள வந்துடறேன்."

"ராத்திரி வரைக்கும் தாங்குமா?"

அந்தப் பெண் ரயில் நேரத்தைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"சொல்லும்மா."

"வெள்ளிக்கிழமையே பாட்டில்ல தண்ணி அடியிலதான் கிடந்துச்சு. மறுநாள் வந்து மாத்திக்கிறேன்னு சொல்லிட்டிருந்தார். மத்ததுங்க தாங்கிடும்க்கா. மூணாவது கூண்டுக்காரி பெத்திருந்தான்னா அவதான் தாங்க மாட்டா. பால் குடுக்கணும் இல்ல? தண்ணி கிடைக்கலேன்னா குட்டியைத் தின்னுடுவா. இன்னிக்கு லீவு நாள். சாவி அண்ணன்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு, அவ்வளவுதான்" என்றாள்.

மகன் வரும் விமானம் மதியம்தான் இறங்கும். அவன் வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். அதுவரை செய்வதற்கு ஒன்றுமில்லை, மாலை வாங்குவதைத் தவிர.

எலிகள்மேல் இரக்கப்பட்டுத்தான் கிளம்பினாள் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. பார்க்க வேண்டும் என்று இருந்தது. கல்யாணமான புதிதிலிருந்தே இருந்தது. வெளியாட்கள் வந்தால் நோய் வரும், வாசனை பிடிக்காது என்று அவர் ஒருநாளும் அவளை அங்கே கூட்டிப்போனதில்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் அதே பேச்சுதான். "சலூன்காரன் இன்னிக்கு ரெண்டு பேருக்கு மீசையை எடுத்துட்டான்" என்பார். "கறுப்பி கோவிச்சுக்கிட்டு மூலையில போய் உக்காந்துட்டா" என்பார். பார்த்தேயிராத சொந்தக்காரர்களின் வம்பைக் கேட்பதுபோல அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள். பிள்ளை பெரியவனாகி வேறு நாட்டுக்குப் போன பிறகு, அந்த வீட்டில் பேசப்பட்ட ஊர்வம்பு முழுக்க எலிகளுடையதுதான்.

இத்தனைக்கும் வீட்டுச் சமையலறையில் எலி வந்தால் அன்று மாலையே பொறி வைப்பார். மறுநாள் காலையில் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார். ஒருதடவை அவள் கேட்டேவிட்டாள். "ரெண்டும் ஒரே இனம்தானே? இதை அடிக்கிறீங்க, அதுக்கு மெத்தை போடுறீங்க?"

"ஒரே இனம்தான்" என்றார். "இது தானா வந்துச்சு. அதை நாமதான் கூட்டிட்டு வந்தோம்."

சில நாட்களில் மட்டும் எந்த எலியைப் பற்றியும் வாய் திறக்க மாட்டார். அந்த நாட்களில் அவளும் கேட்டதில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அவருடைய அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "பொணத்தைப் போட்டுட்டு எலிக்குத் தண்ணி வைக்கப் போறியா? கேட்டா சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டும் அண்ணி. நேத்து அவர் அதுக்குத்தான் கிளம்பினார். பாதியில நிக்குது."

அண்ணி பெட்டிக்குள் கிடந்த தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து அவன் தலைமாட்டில் போட்டுக்கொண்டு அழுத்தமாக உட்கார்ந்தாள். "பின்வாசல் வழியாப் போ. யாராவது கேட்டா தலைசுத்திப் படுத்திருக்கேன்னு சொல்லிக்கிறேன். சுருக்க வந்து சேரு."

அவளுடைய தம்பி ஸ்கூட்டரை எடுத்தான். தையல்காரன். எலி என்றாலே அவனுக்கு ஆகாது. ஒரு மாப்பிள்ளையின் கல்யாணக் கோட்டில் இடது கையை முழுசாகத் தின்றுவிட்ட எலியை அவன் இன்றுவரை மன்னிக்கவில்லை. "நான் வெளியவே நிக்கிறேன்க்கா" என்று வழியிலேயே சொல்லிவிட்டான்.

கல்லூரிக் காவலாளி அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டான்.

எலி அறை பின்கட்டில், ஒரு நீண்ட நடையின் கடைசியில் இருந்தது. அவருடைய சாவிக்கொத்தால் திறந்தாள். முன்னறையில் கைகழுவும் தொட்டியும் ஒரு ஆணியும் இருந்தன. ஆணியில் அவருடைய வெள்ளைக் கோட்டு தொங்கியது. அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தொட்டி விளிம்பில் வைத்தாள்.

"அண்ணன் கோட்டையே மாட்டிக்குங்கக்கா" என்றாள் அந்தப் பெண். "அந்த வாசனைதான் அதுங்களுக்குப் பழக்கம். புது ஆள் வாசனைன்னா மிரளும்."

கோட்டு முழங்காலுக்குக் கீழே இறங்கியது. கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள். பையில் சூரியகாந்தி விதைகள் கிடந்தன. போனை எடுத்துக்கொண்டு உள்கதவைத் திறந்ததும், இத்தனை வருஷமாக அவர் சட்டையில் லேசாக அடித்த நெடி முகத்தில் முழுசாக மோதியது. மரத்தூளும் மூத்திரமும் உலர்ந்த தானியமும் கலந்த நெடி. அவள் அதை மூக்கை மூடாமல் இழுத்துவிட்டாள்.

சுவர் முழுக்க அடுக்கடுக்காகக் கூண்டுகள். ஒவ்வொன்றின் மூடியிலும் ஒரு பாட்டில் கவிழ்ந்திருந்தது. பெரும்பாலானவை காலி. சிவப்புக் கண்ணோடு வெள்ளை எலிகள் பின்காலில் நின்று, காய்ந்த குழாயை முகர்ந்துகொண்டிருந்தன. கீழடுக்கில் எண்ணெய் தேய்த்ததுபோல் மின்னும் கறுப்பு எலிகள். ஓரத்தில் ஒரு கூண்டில் பழுப்பு நிறத்தில் சில, வீட்டுப் பொறியில் விழுபவை போலவே.

"இது எங்க வீட்டு எலி மாதிரியே இருக்கே!"

"உங்க வீட்டு எலியேதான்க்கா. அங்க இருக்கிற எல்லாமே அதுதான். எந்தக் காலத்திலயோ யாரோ ஒருத்தர் வெள்ளையாப் பிறந்ததைப் பார்த்து ஆசைப்பட்டு எடுத்து வளர்த்திருக்காங்க. அப்புறம் ஆள் ஆளுக்கு ஒரு நிறம்."

பாட்டில்களை எடுத்துக் கழுவி நிரப்ப ஆரம்பித்தாள். நடு அடுக்கில் இரண்டு எலிகள் தம் வாலைத் தாமே பிடிக்கப் போவதுபோல் ஓயாமல் வட்டமடித்தன. அவள் கூண்டருகே குனிந்தாள். அவை நிற்கவில்லை.

"பைத்தியமா இதுங்க?"

"காது கேட்காது. காதுக்குள்ளதான் நிலையா நிக்கிற சூட்சுமமும் இருக்கு. அது பிறவியிலேயே கெட்டுப்போச்சு, அதான் சுத்துது. அண்ணன் அதுங்க கூண்டை மட்டும் தட்டாமத் திறக்க மாட்டார். கேட்காட்டியும் அதிர்வு தெரியும்னு சொல்வார்."

கறுப்பு எலிகளின் கூண்டில் ஒவ்வொன்றாக முகத்தைப் பார்த்தாள். நான்கைந்துக்கு மீசையே இல்லை. மொழுமொழுவென்ற மூஞ்சி. ஒன்றுக்கு மட்டும் முழு மீசை, நீளமாக, கம்பீரமாக இருந்தது.

"இவன்தானே சலூன்காரன்?"

"அவனேதான்! மத்தவங்க மீசையெல்லாம் அவன் கடிச்சு எடுத்ததுதான்!" போனுக்குள் அந்தப் பெண் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

இவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளும் அவனைத் தொந்தியும் தொப்பையுமாக நினைத்துவைத்திருந்தாள். பார்த்தால் கூட்டத்திலேயே சோனி. கதவுக் கண்ணாடி வழியாகத் தம்பி எட்டிப்பார்த்தான். அக்கா சிரிப்பதைக் கண்டதும் பயந்துபோய் முகத்தை இழுத்துக்கொண்டான்.

பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து மாட்டினாள். குழாய் நுனியில் சின்னதாக ஒரு இரும்பு உருண்டை. எலி நாக்கால் தள்ளினால்தான் தண்ணீர் வரும். மாட்டிய கூண்டிலெல்லாம் ஒன்றை ஒன்று ஏறி மிதித்துக்கொண்டு ஓடிவந்தன. டிக், டிக் என்ற சத்தம் ஒரு மூலையில் தொடங்கி அறை முழுக்கப் பரவியது.

வேலை முடியப்போகும் நேரத்தில், போனின் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். கடைசியில இதுங்களை என்ன பண்ணுவீங்க?"

"காதை எடுத்துப் பார்க்கணும் இல்லையாக்கா... அதுக்கு முன்னாடி ஊசி போட்டுடுவோம்."

"யாரு?"

"நான்தான் போடுவேன். அண்ணன் கையில பிடிச்சுக்குவார். வேற யார் பிடிச்சாலும் துள்ளும், கடிக்கும். அவர் உள்ளங்கையில மட்டும் அடங்கி உக்காந்திருக்கும். ஊசி போட்டு முடிச்சதும் கீழ வைங்கண்ணேன்னு சொல்வேன். வைக்க மாட்டார். மூச்சு நின்னப்புறம்தான் வைப்பார். அதுக்கப்புறம் அன்னிக்குப் பூரா பேசவே மாட்டார்."

அவள் கடைசிப் பாட்டிலின் மூடியைத் திருகினாள். தேவைக்கு மேலேயே திருகினாள். நேற்று ஆஸ்பத்திரியில் பச்சைத் திரைக்கு உள்ளே விட முடியாது என்று அவளை வெளியே நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு நேரமும் அவள் கையில் இருந்தது, அவர் மாட்டாமல் விட்ட அந்த ஒற்றைச் செருப்பு.

"அக்கா? இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

கதவு லேசாகத் திறந்தது. தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் உள்ளே நீட்டினான். "பையன் வந்து இறங்கிட்டானாம். வீட்டுக்கு வந்துட்டிருக்கான். வாக்கா, போகலாம்."

அவள் திரும்பாமலே கையை உயர்த்தினாள். "இரு. ஒருத்தி இன்னும் குடிக்கல."

மூன்றாவது கூண்டின் மூலையில், கிழித்துப் போட்ட காகிதக் குவியலுக்குள் அந்த வெள்ளைத் தாய் படுத்திருந்தது. வயிற்றுக்கடியில் ரோஜா நிறத்தில், விரல்நுனி அளவில், கண் திறக்காத குட்டிகள் நெளிந்தன. மாட்டிய பாட்டிலை அது பார்த்ததாகத் தெரியவில்லை. சிவப்புக் கண் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கு மட்டும் விடாமல் அசைந்தது.

அவள் கோட்டுக் கையைக் கூண்டின் கம்பியோடு சேர்த்து வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் தாய் எழுந்தது. பால் குடித்துக்கொண்டிருந்த ஒரு குட்டி காம்பை விடாமல் தொங்கியபடி, தூளில் இழுபட்டுக்கொண்டு கூடவே வந்தது. குழாயின் நுனியில் உருண்டை உருள ஆரம்பித்தது.